மினுக்கம் தெரியாத கண்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீ நலமென்று எழுதினால் நம்பமாட்டேன். டிப்போவில் கண்ணைப் பற்றிச் சொன்னாயா? பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறவன் பஸ் ஓட்டலாமா?

என் வேலை என்னவென்று கேட்டிருந்தாய். எலியின் விழித்திரையைத் துண்டாக எடுத்து, இருட்டறையில் உயிரோடு வைத்திருக்கிறோம். ஒளி பட்டதும் நரம்பு செல்கள் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும். பக்கத்தில் நின்று அவற்றைத் தாங்கும் செல்கள் அதை உணர்ந்தால் லேசாக மினுங்கும். அதற்கென்றே சாயம் ஏற்றியிருக்கிறோம். முதலில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்கவேண்டும். மினுக்கம் தெரிந்தால் கேமராவில் பதிவு. தெரியாவிட்டால் செத்த துண்டு என்று குப்பைக்கு. இந்த மாதம் முழுக்கக் குப்பைதான். எரிச்சலாக வருகிறது.

உன் தங்கை வாயாடி

பிப்ரவரி 19

வாயாடிக்கு,

டிப்போவில் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நேற்று இடப்பக்கம் ஒரு சைக்கிள்காரர் வந்தது எனக்குத் தெரியவே இல்லை. "அண்ணே, பிரேக்கு! பிரேக்கு!" என்று கண்டக்டர் கத்தினார். சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். "கண்ணுல தூசி விழுந்திருச்சுப்பா" என்று சமாளித்தேன்.

மருந்து எப்போது வரும்? உன் எலிகளுக்காவது வந்துவிட்டதா? பொய்யானாலும் ஒரு தேதி எழுது.

டாக்டர் இது பரம்பரை என்றதும் அம்மா சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். "எனக்குத்தானே வந்துச்சு, வாயாடி தப்பிச்சிட்டாள்ல, விடும்மா" என்று சொன்ன பிறகுதான் ஒரு வாய் இறங்கியது. எனக்கும் அதுதான் ஆறுதல்.

அண்ணன்

மார்ச் 3

அண்ணா,

மருந்துக்குத் தேதி இல்லை. செல்கள் ஒன்றுக்கொன்று எப்படிச் சேதி சொல்லிக்கொள்கின்றன என்று மட்டும்தான் நான் பார்க்கிறேன். அதிலிருந்து உன் கண்ணுக்கு நம் காலத்தில் ஒன்றும் வராது.

போன வாரம் நான் ஒதுக்கிவைத்த துண்டை, கூட வேலை செய்கிறவள் சும்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, இவ்வளவு நல்லா மினுங்குது! இதையா தூக்கிப் போடப்போறே?" என்றாள். நான் மறுபடி குனிந்து பார்த்தேன். ஒரே கறுப்பு. அவள் கேமராவைப் போட்டாள். திரை முழுக்கச் செல்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. இத்தனை நாள் நான் குப்பையில் போட்டதெல்லாம் உயிரோடு இருந்தவை, அண்ணா.

கண் டாக்டரிடம் போனேன். உனக்கு இருப்பதேதான். இருட்டில்தான் முதலில் பார்வை போகுமாம். அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்லாதே.

வாயாடி

மார்ச் 11

வாயாடி,

பஸ் சாவியை ஒப்படைத்துவிட்டேன். மேலாளர் காரணம் கேட்டார், சொன்னேன். எல்லார் முன்னாலும் கிழிகிழியென்று கிழித்தார். கிழிக்கட்டும். நீ ஏதாவது கண்டுபிடித்துவிடுவாய் என்ற நினைப்பில்தான் இத்தனை நாள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வந்தபோது சாமியைத் திட்டத் தோன்றவில்லை. உனக்கு வந்ததற்குத் திட்டித் தீர்த்துவிட்டேன். எதுவும் ஆறவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. ரெண்டு பேருக்கும் என்று எந்த வாயால் சொல்வது? நீ எப்படி இருக்கிறாய் என்று தினமும் கேட்கிறாள்.

ஒருமுறை வந்துவிட்டுப் போ. பகலில் வந்து சேருகிற ரயிலாகப் பார். இருட்டிவிட்டால் ஸ்டேஷன் கூட்டத்தில் உன்னை என்னால் கண்டுபிடிக்க முடியாது. உன்னாலும் என்னைக் கண்டுபிடிக்க முடியாது.

அண்ணன்