பொழுதுபோக்குத் தையல்

செவ்வாய், இரவு.

இன்று என் தையல் கூலியை மாமியார் இனாமாக்கிவிட்டார். மேல் வீட்டு இன்ஜினியரின் மனைவி, நான் தைத்த பிளவுஸ்களை வாங்கிக்கொண்டு பர்ஸைத் திறந்தார். அத்தை சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

"காசெல்லாம் எதுக்குங்க? பர்மனென்ட்டுல இருக்கிறவன் பொண்டாட்டி கூலிக்கா தைப்பா? பொழுது போகாம தைக்கிறா."

பர்ஸ் உடனே மூடிக்கொண்டது. "அடடா, தெரியாமப் போச்சே! நாளைக்கு என் தங்கச்சியையும் அனுப்புறேன்."

நைட் ஷிஃப்ட் முடித்து இவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை நின்றது, ஆள் வெளியே வரவில்லை.

அந்தம்மா போனதும் கேட்டேன். "உங்க பொண்ணு வளைகாப்புக்குத் தங்க வளையல் போடணும்னீங்களே அத்தை, எதுல போடுறது?"

"ஏன், என் புள்ள சம்பளம் இல்லியா?"

அந்தச் சம்பளத்தில் முக்கால்வாசி அதே பெண்ணின் கல்யாணக் கடனுக்குப் போகிறது. அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்பது இவர் உத்தரவு. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

நாளை அந்தம்மாவின் தங்கச்சி வருவதற்குள் அத்தையை வெளியே அனுப்பியாக வேண்டும். ராத்திரி சாப்பிடும்போது, "காலையில திருவதிகை கோயிலுக்குப் போயிட்டு வாங்களேன் அத்தை" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது.

"நீயும் வாம்மா. வூட்டுல சும்மாதானே இருக்க?"