மணிக்கூண்டு கொடுக்க வந்த ஆச்சியிடம் வீடு கேட்டது

1936 நவம்பர் 23

தாவர சாஸ்திர வகுப்பில் செம்பருத்தியை நெடுக அறுக்கச் சொன்னார்கள். அம்மாக்கண்ணு அறுத்த பூவிலிருந்து ஓர் எறும்பு புறப்பட்டு அவள் மூக்கில் ஏறிவிட்டது. வகுப்பில் பெண்கள் மூன்றே பேர் – நான், அவள், கருப்பம்மாள். மூவரும் சிரித்த சிரிப்பில் வாத்தியார் எங்களை வெளியே அனுப்பிவிட்டார். வெளியே நின்றும் சிரித்தோம். இந்தக் காலேஜில் சேர்ந்ததிலிருந்தே எனக்கு ஒரு கிறுக்குத்தான். காளையார்கோவில் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண் காரைக்குடியில் இண்டர்மீடியட் வாசிக்கிறாள்! நடக்கும்போதே குதிக்கத் தோன்றுகிறது.

மாலையில் டீச்சரம்மா கூப்பிட்டார். நாங்கள் தங்கியிருப்பது அவர் வீட்டில்தான். அவருடைய வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை, திருச்சினாப்பள்ளிக்கு மாற்றிவிட்டார்களாம். மார்கழி கழிந்ததும் வீட்டைக் காலி செய்கிறார்கள்.

அப்போ நாங்க?

நவம்பர் 25

பிரின்சிபாலைப் போய்ப் பார்த்தோம். “மூன்று பெண்களுக்காக ஒரு விடுதி கட்ட முடியுமா அம்மா? ஆண்கள் விடுதிக்கே தனவந்தர்கள் வாசலில் போய் நின்றுதான் கூரைக்கு ஓடு வாங்கினேன்” என்றார். நல்ல மனிதர். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

பிறகு திடீரென்று முகம் மலர்ந்து, “புஷ்பவள்ளி, உனக்குக் கணீரென்ற குரல். ஆண்டு விழாவில் வரவேற்புப் பத்திரம் நீதான் வாசிக்கிறாய்” என்றார். நெற்குப்பைச் செட்டியார் வீட்டுத் தேனம்மை ஆச்சி காலேஜுக்கு மணிக்கூண்டு கட்டிக் கொடுக்கப் போகிறார்களாம்.

மேடை! நான்! வீடு இல்லை என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது. எனக்கு வெட்கமே கிடையாதா?

நவம்பர் 29

அப்பா வந்தார். பனங்கிழங்கு கொண்டுவந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இடமில்லேன்னா என்னத்தா செய்ய? தைக்குள்ள ஊருக்கு வந்துரு. சோணைமுத்து வீட்டுல பொண்ணு கேட்டுக்கிட்டேதான் இருக்காக” என்றார். திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தலையைத் தடவிக்கொண்டே சொல்கிறாரே, என்ன செய்ய?

நவம்பர் 30

கிழங்கு பூராவையும் நானே தின்றேன். வயிற்று வலி.

டிசம்பர் 5

என்ன காரியம் செஞ்சுட்டேன்! ஐயோ, என்ன காரியம்!

பத்திரத்தை நன்றாகத்தான் வாசித்தேன். “வள்ளன்மை”, “கற்பகத் தரு” எல்லாம் தடுக்காமல் வந்தன. தேனம்மை ஆச்சி வெள்ளைச் சேலையில், கையில் விசிறியோடு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் கெடுத்தது. வாசித்து முடித்துக் காகிதத்தை மடித்தேன். வாய் நிற்கவில்லை.

“ஆச்சி, தை பொறந்தா நாங்க மூணு பேரும் இங்கன இருக்க மாட்டோம். தங்க வீடில்லை. மணி அடிச்சா வகுப்புக்கு ஓடியாற நாங்களும் இருக்கணும்ல?”

பின்வரிசையில் யாரோ ஒரு பையன் கை தட்டினான். அப்புறம் எல்லாப் பையன்களும்! பிரின்சிபால் காது சிவந்துவிட்டது. ஆச்சி எழுந்து மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்.

அம்மாக்கண்ணு என்னைக் கட்டிக்கொண்டு, “செத்தோம்டி” என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு. ஏன் சிரித்தோம்?

டிசம்பர் 6

நெற்குப்பைக்குப் போய் ஆச்சியிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் – பிரின்சிபால் உத்தரவு. கேட்காவிட்டால் காலேஜில் இடமில்லை.

டிசம்பர் 8

நேற்று எழுத முடியவில்லை. திரும்பி வரவே ராத்திரியாகிவிட்டது.

டீச்சரம்மா, அம்மாக்கண்ணு, நான் மூவரும் பஸ்ஸில் போனோம். ஆச்சி வீட்டு முற்றத்தில் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. நான் போனதும் காலில் விழுந்துவிட்டேன்.

“எந்திரி, எந்திரி. மன்னிப்பு என்னத்துக்கு?” என்றார் ஆச்சி. “மணிக்கூண்டு குடுக்குறேன்னு வாய்விட்டுச் சொல்லியாச்சு. அது என் வீட்டுக்காரக பேருல. அதை மாத்த மாட்டேன்.”

போச்சு என்று டீச்சரம்மாவைப் பார்த்தேன்.

“நீ கேட்டது வீடு. இந்தச் சீமையில வீடு எங்கிட்ட மட்டுமா இருக்கு? பூட்டிப் போட்ட வீடு எத்தனை!” என்று சொல்லிவிட்டு எழுந்து செருப்பை மாட்டினார். “வாங்கடி.”

அப்புறம் நடந்ததை யாரும் நம்ப மாட்டார்கள். ஆச்சி முன்னால், நாங்கள் பின்னால், வீடு வீடாக! ஒவ்வொரு வீட்டிலும் என்னை நிறுத்தி, “மேடையில சொன்னியே, அதைச் சொல்லு” என்பார். முதல் வீட்டில் குரல் எழும்பவில்லை. மூன்றாவது வீட்டில் கையை வீசிப் பேசினேன். அங்கிருந்த ஆச்சி கண்ணைத் துடைத்தார். அடுத்த வீட்டில் ஓர் ஆச்சி, “படிக்கிற புள்ளைக சோறாக்குமாக்கும்?” என்று இடித்துக் கேட்டார். அம்மாக்கண்ணு, “ஆக்குவோம் ஆச்சி. திங்கத்தான் முடியாது” என்றாள். கேட்டவருக்கே சிரிப்பில் புரையேறிவிட்டது. அவர் மகன் ரங்கூனில் இருக்கிறாராம். காரைக்குடியில் அவர்களுக்குள்ள வீடு பூட்டிக் கிடக்கிறதாம். “முன்கட்டு சாமி கும்பிடுற இடம், அதைத் தொடப்படாது. பின்கட்டுல இருந்துக்கங்க.”

பின்கட்டே எங்கள் தெருவைவிடப் பெரிசு!

டீச்சரம்மா மெல்லக் கேட்டார்: “வயசுப் பிள்ளைக தனியா இருந்தா ஊர் பேசுமே ஆச்சி?”

“நான் வந்து கூடப் படுத்துக்கிறேன். எவன் பேசுறான்னு பாப்போம்” என்றார் தேனம்மை ஆச்சி.

டிசம்பர் 9

பிரின்சிபாலிடம் சொன்னோம். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “இதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றார்! வெளியே வந்து தூண் மறைவில் நின்று சிரித்துத் தீர்த்தோம்.

டிசம்பர் 22

மாட்டு வண்டிகள் வந்தன. ஆச்சிமார் எல்லாரும் தங்கள் கல்யாணச் சீரிலிருந்து சாமான் அனுப்பியிருக்கிறார்கள். அண்டா, குண்டான், பர்மாக் கூடை, பூப்போட்ட எனாமல் தட்டுகள், ஆள் உட்காரக்கூடிய இட்லிக் கொப்பரை. இருப்பது மூன்று பேர்! கருப்பம்மாள் அண்டாவுக்குள் இறங்கி நின்று பாடினாள்; குரல் சுவரெல்லாம் முழங்கியது. தேனம்மை ஆச்சி வாசலில் நின்று, “நல்லா இருக்குடி, இன்னொண்ணு பாடு” என்றார்.

1937 ஜனவரி 16

அப்பாவுக்கு இன்னும் சம்மதமில்லை. பொங்கல் முடிந்து என்னைக் கையோடு அழைத்துப் போகத்தான் வந்தார். சாப்பிட உட்கார்ந்தார். ஆச்சியே பரிமாறினார்.

“மகளைக் கூட்டிப் போக வந்தீகளா?”

“ஆமாச்சி. பொட்டப்புள்ளை. நாலு பேரு நாலு விதமா...”

“எம்மகளையும் பதிமூணு வயசுல நாலு பேருக்குப் பயந்துதான் கட்டிக் குடுத்தேன். தலைப்பிரசவத்துலயே போயிட்டா” என்றார் ஆச்சி. ரசத்தை ஊற்றினார். அப்படி ஒரு மகள் இருந்ததே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

அப்பா இலையை மடித்தார். கை கழுவி வந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“பரீச்சை என்னைக்குத்தா?” என்றார்.

என்னை அழைத்துப் போகாமலே பஸ் ஏறிவிட்டார். போய்விட்டார்! பஸ் மறைகிறவரை நின்றேன், அப்புறம் வீடுவரை ஓடியே வந்தேன்.

ஜூலை 4

இன்று வாசலில் வண்டிச் சத்தம். அப்பா. கூடவே சித்தப்பா மகள் சின்னத்தாயி, எண்ணெய் வழிய வாரின தலையும் தகரப் பெட்டியுமாக. எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டாள். தரையில் பதித்த பூக்கல்லையே கால்விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

அப்பா என் முகத்தைப் பார்க்காமல் ஆச்சியிடம் கேட்டார்: “இதையும் சேத்துக்கிருவீகளா? இடமிருக்குமா?”

“இருக்கு. புள்ளைகதான் பத்தலை” என்றார் ஆச்சி.

அப்பா தொண்டையைச் செருமினார். “இதுக்குக் கீழ இன்னொண்ணு ஒம்பதாவது படிக்குது.”