முதல் பிரதி ராஜவேலுக்கு

அரியலூர்,
புதன்கிழமை.

அன்பு மகள் நர்மதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானா என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துக் கெடுத்துவிடுவேன், அதனால்தான் கடிதம். என் புத்தகம் அச்சாகி வந்துவிட்டதடி! ஐந்து வருஷத்துக்கு முன் உள்ளாட்சித் தேர்தலில் பத்திரிகைக்காகப் பிரசார வேன்களுக்குப் பின்னால் ஸ்கூட்டியில் அலைந்தேனே, அந்தக் கதைதான். மூன்று வாரம் கழித்து ஞாயிறு காலை வெளியீடு. அப்பா தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, எங்க வூட்டம்மா எழுதுனதுங்க என்று அட்டையைக் காட்டுகிறார். எறையூர் சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்ட உத்தரவு வரவில்லை என்ற கவலைகூட மறந்துபோயிற்று, மூட்டுவலிக்குத் தைலம் போடுவதும்தான்.

ஆனால் போன மாதம் வரை இந்தப் புத்தகம் வருமா என்றே எனக்குத் தெரியாது. எல்லாம் அந்தப் பெயர் வைத்த அத்தியாயத்தால். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் கல்லாங்காடு என்று ஒரு சின்ன ஊர், லாரி ஓடி ஓடி ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கும். அங்கே ஓட்டுக் கேட்க வந்த வேட்பாளர் அமிர்தலிங்கத்திடம், சிந்து என்ற பெண் கைக்குழந்தையை நீட்டிப் பெயர் வைக்கச் சொன்னாள். அவர் துண்டில் சுற்றியிருந்த பிள்ளையைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, மைக்கில் தன் அப்பா பெயரையே வைத்துவிட்டார். ராஜவேல்! இந்த ராஜவேல் பள்ளிக்கூடம் போறதுக்குள்ள ரோடு போட்டுத் தருவேன் என்று வாக்கும் கொடுத்தார். கூட்டம் கைதட்டியது, வேன் கிளம்பியது. அது பெண் குழந்தை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவர் ஜெயித்து ஒன்றியக் கவுன்சிலரும் ஆகிவிட்டார், ரோடு மட்டும் வரவில்லை.

வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் கொடுப்பதாக இருந்தவர் அந்தக் கவுன்சிலர்தான். திருச்சிப் பதிப்பாளர் பாக்கியராஜ் சார் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார், இல்லாவிட்டால் புத்தகமே வேண்டாம் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்தப் பிள்ளையைப் பார்த்து ஊர் சிரித்தால் என்ன செய்வது என்று மனசுக்குள் உறுத்தியது. சிந்து வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெயரை எப்போதோ மாற்றியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். மாற்றவில்லை நர்மதா! ஒன்றாம் வகுப்பில் ராஜவேல் என்றே படிக்கிறது, இரட்டைச் சடை போட்டுக்கொண்டு. ரோடு வந்த அன்னிக்குத்தான் பேரை மாத்துவேன் என்று சிந்து ஒற்றைக்காலில் நிற்கிறாள். கிராம சபைக்குக் கவுன்சிலர் வரும்போதெல்லாம் பிள்ளையை முன்னால் நிறுத்தி, ஒங்க அப்பா பேரு தெனமும் சேத்துல வுழுந்து எந்திரிக்குதுங்க என்பாளாம். அத்தியாயத்தை எடுக்கவா என்று கேட்டதற்கு, எடுத்தீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன், ஊரு பேரோட எழுதுங்கக்கா என்றாள். நான் அங்கிருந்தே பாக்கியராஜ் சாருக்குப் போன் போட்டேன். ஒரு வரிகூட எடுக்க மாட்டேன், மண்டபம் போனால் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி இருக்கிறது என்றேன். பிள்ளை இன்னும் அதே பெயரில் படிக்கிற கதையைச் சொன்னதும் மனுஷர் சிரித்துவிட்டார், அப்படியே போடுவோம் என்றும் சொல்லிவிட்டார். அழைப்பிதழில் முதல் பிரதி பெறுபவர் செல்வி ராஜவேல் என்று போட்டதும் அவர் யோசனைதான்.

அந்த ஞாயிறு வீடியோவில் கட்டாயம் வா, மாப்பிள்ளையையும் உட்கார வை. ராத்திரி வேலையைக் குறைத்துக்கொள், காலையில் வெறும் காபியோடு ஓடாதே. செட்டிகுளம் முருகன் உங்கள் இருவருக்கும் துணை நிற்பான், குறையில்லாமல் இருங்கள்.

ஆசிகளுடன்,
அம்மா மணிமொழி

பி.கு. கடிதத்தை ஒட்டுவதற்குள் சிந்து போன் செய்தாள். அழைப்பிதழ் கவுன்சிலர் கைக்குப் போய்ச் சேர்ந்த வேகம், இன்று காலை அவரே ஆட்களோடு வந்து ரோட்டை அளக்கிறாராம்! ஆனால் போனில் பின்னால் ஒரே அழுகை. ரோடு வந்தால் பெயர் போய்விடும் என்று ராஜவேல் அளவு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். ரோட்ட நீங்களே வச்சுக்குங்க, எம்பேரக் குடுக்க மாட்டேன் என்கிறாளாம்.