வருகையின் நோக்கம்: டோனர்

14.9.2009, திங்கள்

இன்றும் அவருக்கு நானே விசிட்டர் பாஸ் எழுதினேன். பெயர்: முத்துமணி. வருகையின் நோக்கம்: டோனர். கட்டின புருஷனுக்கு பாஸ் எழுதிக் கொடுக்கிற ரிசப்ஷனிஸ்ட் இந்த சிப்காட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். செக்யூரிட்டி சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

ஜனவரியில் அவருடைய கம்பெனியில் ஆர்டர் இல்லையென்று ஆட்களை நிறுத்தினார்கள். அதிலிருந்து மனுஷன் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். பெங்களூரில் ஒரு சிநேகிதரிடம் போய், பிரிண்டர் கார்ட்ரிட்ஜில் டோனர் தூள் நிரப்புகிற இந்த ரீஃபில் வேலையைக் கற்றுக்கொண்டு வந்த பிறகுதான் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. புது கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்குகிற காசில் ஏழெட்டு முறை தூள் நிரப்பிவிடலாம். அப்படியும் எங்கள் ஜி.எம். சார் யோசித்தார். அக்கவுண்ட்ஸ் வெங்கடப்பன் சார்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார். எங்கள் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் இவர் மற்ற இடங்களில் வேலை கேட்கிறார். இது போனால் எல்லாம் போச்சு.

இன்று தூள் நிரப்பும்போது வெங்கடப்பன் சார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இதில் எது முக்கியம் என்று கேட்டார். யாராவது கேட்கமாட்டார்களா என்று இவர் காத்திருந்தார் போல. கார்ட்ரிட்ஜின் அடி மூடியை விரலால் தள்ளி, உள்ளே இருந்த பச்சை உருளையைக் காட்டினார்.

"இந்த டிரம்தான் சார் உயிரே. எழுத்து மொதல்ல இதுலதான் விழும். பொறவுதான் பேப்பருக்கு வரும்."

வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஆள் அக்கறையாகக் கேட்டது அவ்வளவு சந்தோஷம்.

26.9.2009, சனி

நாளை ஞாயிறு என்பதால் கம்பெனியில் இன்றே ஆயுத பூஜை. ஷாப் ஃப்ளோரில் பிரஸ் மிஷின்களுக்கெல்லாம் வாழைக்கன்று, மாலை. ஆபீஸுக்குள் வெங்கடப்பன் சார்தான் பூசாரி. தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கம்ப்யூட்டர், ஃபேக்ஸ், பிரிண்டர் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தார். ஸ்டேப்ளரைக்கூட விடவில்லை. நான் பொரி பாக்கெட் கட்டிக் கட்டி இடுப்பு ஒடிந்துபோனேன்.

வீட்டில் அவர் தன்னுடைய ஸ்க்ரூ டிரைவர், பிரஷ், தூள் டப்பா எல்லாவற்றையும் துடைத்து சாமி முன்னால் வைத்திருக்கிறார். ஏப்ரலில் வருஷப் பிறப்புக்குச் சாமி கும்பிடக்கூட எழுந்து வந்தவரில்லை.

30.9.2009, புதன்

பிரிண்டரில் என்னவோ ஆகிவிட்டது. எந்தப் பேப்பரை எடுத்தாலும் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் கறுப்பு வட்டங்கள். துடைத்துப் பார்த்தேன், நிறுத்தி நிறுத்தி அடித்துப் பார்த்தேன், போகவில்லை. தூள் சரியில்லையோ? அவர் அப்படிச் செய்கிற ஆளில்லையே.

1.10.2009, வியாழன்

பெங்களூர் கம்பெனிக்காரன் லோடையே திருப்பி அனுப்பிவிட்டான். இன்வாய்ஸில் எண்ணிக்கை மேலேயே கறுப்பு வட்டம் விழுந்திருந்ததாம். என்னத்தை அழித்துத் திருத்தினீர்கள் என்று ஜி.எம். சாரிடம் போனில் கத்தியிருக்கிறான்.

ஜி.எம். சார் எல்லார் முன்னாலும் என் மேஜைக்கு வந்தார். "மலிவா கிடைக்குதுன்னு கண்ட பவுடரைப் போட்டா இப்படித்தாம்மா. இனிமே ஒரிஜினல்தான். உங்க வீட்டுக்காரருக்கு பாஸ் எழுத வேண்டாம்."

விஷயம் தெரிந்து அவர் ஓடி வந்திருந்தார். ஒரு தடவை திறந்து பார்க்க விடுங்கள் என்று கேட்டில் நின்று கேட்டாராம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பாஸ் புக்கைக் கையில் வைத்துக்கொண்டு. எழுதவில்லை. எழுத முடியவில்லை. வெங்கடப்பன் சாரும் தலையைத் தூக்கவில்லை. சிபாரிசு செய்தவராயிற்றே, அவருக்கும் அவமானம்தான்.

3.10.2009, சனி

அந்த கார்ட்ரிட்ஜை என்னிடமே கொடுத்தனுப்பினார்கள். சாயங்காலம் அவர் தரையில் நியூஸ்பேப்பரை விரித்துப் பிரித்தார். அடி மூடியைத் தள்ளினார்.

பச்சை டிரம் மேல் ஒரு வட்டம். பாதி வழித்துக்கொண்டுபோன சந்தனம், நடுவில் குங்குமச் சிவப்பு. காய்ந்து பிடித்திருந்தது. வெங்கடப்பன் சார்! எது உயிர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போய் அங்கேயே வைத்திருக்கிறார்.

இதை அப்படியே பேப்பரில் சுற்றிக் கொடுங்கள், திங்கட்கிழமை ஜி.எம். மேஜையில் வைக்கிறேன் என்றேன். இவர் அதற்குள் பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்துவிட்டார்! கறை போகவில்லை, மஞ்சளும் சிவப்பும் போய்விட்டது. கையைப் பிடித்து இழுத்தேன், விடவில்லை.

"வேண்டாம், விட்ரு. பெரிய மனுஷன்" என்றார். அவ்வளவுதான்.

பெரிய மனுஷனாம்! அப்ப நீ யாருய்யா? நான் யாரு?

5.10.2009, திங்கள்

அவரோடு பேசவில்லை. சோறு மட்டும் வைத்தேன்.

12.10.2009, திங்கள்

ஜெராக்ஸ் கடைக்காரர்கூட இப்போது தூள் வேண்டாம் என்றுவிட்டாராம். எங்கள் கம்பெனி விஷயம் அங்கேயும் போய்விட்டது. இவர் டூல் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, பார்டர் தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு குடோனுக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார். நீல யூனிஃபார்ம், தோளில் தொங்குகிறது. இந்த ஆளைத் திட்டவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

17.10.2009, சனி

தீபாவளி. அவருக்கு டியூட்டி. பலகாரம் எதுவும் செய்யவில்லை.

23.10.2009, வெள்ளி

அடக்கிக்கொண்டேதான் இருந்தேன். இன்று முடியவில்லை.

நேற்று ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் ஒன்று வந்திருந்தது. வெள்ளிக்கிழமையாயிற்றே, வெங்கடப்பன் சார் பூஜை முடித்து, குங்குமக் கிண்ணத்தோடு வந்தார். பெட்டியைப் பிரித்தார். கையில் எடுத்துத் திருப்பினார். கட்டைவிரலால் அடி மூடியைத் தள்ளினார்—

"உள்ள வைக்காதீங்க சார்!"

நான்தான் கத்தினேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அவர் ஒரு கையில் கார்ட்ரிட்ஜ், ஒரு விரலில் குங்குமம், அப்படியே நின்றார். டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போய் அவர் இடத்தில் உட்கார்ந்தார். மத்தியானம் சாப்பிட எழுந்திருக்கவில்லை.

வீட்டில் அவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் என்னைத்தான் கோபிப்பார்.

25.10.2009, ஞாயிறு

வெங்கடப்பன் சார் வீட்டுக்கே வந்துவிட்டார். பாகலூரிலிருந்து பஸ் பிடித்து, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இவர் நைட் டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். லுங்கியோடு எழுந்து வந்து, நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

சார் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். காபி ஆறிப்போயிற்று. அப்புறம்தான்:

"டிரம்ல பொட்டு வெச்சது நானேப்பா."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த? பொண்டாட்டி, புள்ள வயித்துல அடிச்சிருக்கேனேப்பா நானு."

இவர் தன் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை.

"பதினாலு வருசம் கம்பெனியில வேலை பார்த்தேன் சார். மிசினுக்குப் பொட்டு வெப்பாங்க. என் வேலை எதுன்னு கேட்டு, அதுக்கு வெச்சது நீங்க ஒருத்தர்தான். அதப்போய் எப்படி சார் குத்தம்னு சொல்லுவேன்?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். இருபது நாளாக இந்த மனுஷனோடு பேசாமல் இருந்தவள் நான்.

வெங்கடப்பன் சார், ஜி.எம்.மிடம் நேற்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஜி.எம். முதலில் சிரித்தாராம். சிரித்துவிட்டு, ஆனாலும் ஒரிஜினல்தான் என்றாராம். எனக்கும் அப்படித்தான் ஆகும் என்று தெரியும். சார் போன பிறகு இவர் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கினார். தூசி தட்டிவிட்டுத் தூங்கப் போனார்.

2.11.2009, திங்கள்

வெங்கடப்பன் சார் விடவில்லை. ஒரு வாரம் ஜி.எம். அறைக்கு நடந்திருக்கிறார். இன்வாய்ஸ் மிஷினுக்குக் கிடையாது. கேன்டீன் டோக்கன் அடிக்கிற பழைய பிரிண்டருக்கு மட்டும் ரீஃபில், அதுவும் முதலில் மூன்று மாதத்துக்கு, பார்த்துவிட்டுத்தான் மற்றது.

பத்து மணிக்கு இவர் வந்தார். நைட் டியூட்டி முடித்து நேராக, அந்த நீல யூனிஃபார்மோடேயே. எங்கள் செக்யூரிட்டி அவரைப் பார்த்து விறைப்பாக சல்யூட் அடித்தான், இவரும் திருப்பி அடித்தார். அக்கவுண்ட்ஸ் ரூமிலிருந்து வெங்கடப்பன் சார் இறங்கி வந்து கேட் பக்கமாக நின்றுகொண்டார்.

பாஸ் புக்கைத் திறந்தேன். பேனா எழுதவில்லை, உதறி உதறி எழுதினேன். பெயர்: முத்துமணி. வருகையின் நோக்கம்: டோனர்.