தட்டு நீட்டும் முன் கேட்க வேண்டியது

இன்று காலை வெற்றிலைத் தட்டைப் புளி போட்டுத் துலக்கியபோது, நாம் வீடு கட்டப் பேசி முடித்த நாள் அப்படியே கண்முன் வந்தது. அன்றைக்கு இருந்தவர்கள் நீங்கள், நான், நம் மகன் செல்வம், என் தம்பி ராசேந்திரன், அவன் திருவாரூரிலிருந்து அழைத்து வந்த கான்ட்ராக்டர், அவரிடம் கூரைக்குப் பலகையடிக்கும் சென்ட்ரிங் வேலை பார்த்த மாரியப்பன். வேறு யாரும் இல்லை. இருந்ததாக யாராவது சொன்னால் அது பொய்.

நீங்கள் கேட்கத்தான் கேட்டீர்கள். "லைசென்ஸ் இருக்கா தம்பி? வேலையாளுங்களுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்களா?"

கான்ட்ராக்டர் வாயைத் திறப்பதற்குள் ராசேந்திரன் சிரித்தான். "என்ன அத்தான், பொண்ணா குடுக்கப் போறீங்க, இப்புடி விசாரிக்கிறீங்க? நம்ம ஆளு! தட்டு நீட்டியாச்சு. நல்ல நேரத்துல பேப்பரக் கேட்டா அவரு மனசு நோகாதா?"

தட்டை அவசரமாக நீட்டியதும் அவன்தான். நம் ஊர்ப் பக்கம் அட்வான்ஸை வெற்றிலையோடு நீட்டிவிட்டால், அதன்பிறகு கேட்கிற கேள்வி அபசகுனமாகிவிடுகிறது. மைத்துனன் முகம் சுருங்கக் கூடாதென்று நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள்.

கூரைக்குக் கான்கிரீட் கொட்டிய அன்று, ஈரக் களிமண்ணில் அடியில் பலகைகூட வைக்காமல் முட்டுக்கு நிறுத்தியிருந்த சவுக்குக் கம்புகள் இறங்கி, கூரை சரிந்தது. மேலிருந்து விழுந்த மாரியப்பனுக்கு இடுப்பு நொறுங்கிப்போனது. கான்ட்ராக்டரின் போன் அன்று அணைந்ததுதான். லைசென்ஸும் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது என்பது பிறகு தெரிந்தது. "நம்ம வீட்டுல விழுந்தவன், நாமதான் பாக்கணும்" என்று முதல் தண்ணீர் பாயும் வாய்க்கால் தலைப்பில் இருந்த நிலத்தை விற்று வைத்தியம் பார்த்தீர்கள். மாரியப்பன் கோலூன்றி நடந்துவிட்டார். நீங்கள்தான் நிமிரவே இல்லை. நடவு சமயத்தில், விற்ற நிலத்தின் வரப்பில் போய் நின்றுவிட்டு வருவீர்கள். சாப்பிடக் கூப்பிட்டால் "பசிக்கல" என்பீர்கள். கடைசிவரை அப்படியே இருந்து போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இப்போது செல்வம் மாடி கட்டுகிறான். இன்று பேச வந்த கான்ட்ராக்டரை அழைத்து வந்தது யார் தெரியுமா? அதே ராசேந்திரன். தலை நரைத்தும் வாய் குறையவில்லை. "நம்ம ஆளுக்கா. தட்டக் கொண்டா."

"மொதல்ல பேப்பர்" என்றேன். வந்தவர் போனில் எதையோ காட்டினார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இன்சூரன்ஸ் ஆபீசுக்கே பேசச் சொன்னேன் செல்வத்தை. போன வருஷமே காலாவதியாம்.

"புதுப்பிச்சுக்கிட்டு வாங்க, அப்பறம் பேசுவோம்" என்று அவரை அனுப்பிவைத்தேன்.

ராசேந்திரன் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தான். "ஒனக்கு யார்மேலயும் நம்பிக்கை இல்லக்கா."

"மாரியப்பன் நடக்கறதப் பாத்திருக்கியாடா?"

"அது அவன் விதிக்கா."

நீங்கள் பாதியில் விழுங்கிய கேள்வியை இனி நான் கேட்பேன், யார் வந்தாலும். ஓடிப்போன கான்ட்ராக்டரைக்கூட விட்டுவிட்டேன், அவர் யாரோ எவரோ. அன்று உங்களைச் சிரித்து அடக்கியவனை, இன்று அதை விதி என்றவனை மன்னிக்க மாட்டேன். என் கூடப்பிறந்த ராசேந்திரனை.