படத்துக்குள் இருந்த முகவரி

மார்ச் 3

பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்துவந்த மேசை மின்விசிறி இன்று ஓடத் தொடங்கிவிட்டது. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், காயில் என்பார்கள், கருகிப்போயிருந்தது, புதிதாகச் சுற்றினேன். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து கிழவனைப்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது, அதையும் மாற்றினேன். இப்போது சத்தமே இல்லை.

நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. எனக்கு எழுத்து தெரியாது. வக்கீலம்மா மகளிடம் சொன்னது இது: "அன்னன்னைக்கு நடக்கிறதைத் தேதியோட பதிவு பண்ணி வைங்க. நாளைக்குக் கோர்ட்ல கேப்பாங்க." மகளுக்கு ஏது நேரம்? ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்துக்குக் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறாள். வேலை என் தலையில் விழுந்தது. வழக்கமாகப் பேசுவதுபோல் பேசினால் போன் கண்டதையும் எழுதிவிடுகிறதாம். "மேடையில பேசற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுங்கப்பா" என்றாள். வயதான காலத்தில் மேடை ஏறியாயிற்று.

இன்று அவன் வரவில்லை. அவன் என்றால் மருமகன்.

மார்ச் 5

அவன் வரவில்லை. கீழே இருக்கும் வீட்டுக்காரம்மா படியில் நின்று, "மேலே விமானம் ஏதாவது இறங்குதா பெரியவரே?" என்று கேட்டாள். சோதனைக்கு ஓடவிட்ட இன்னொரு பழைய மின்விசிறியைத்தான் சொல்கிறாள். மகள் சிரித்தாள். இந்த வீட்டுக்கு வந்தபின் அவள் பல் தெரியச் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

மார்ச் 9

கோர்ட்டுக்கு வேண்டுமே என்று பழையதையும் சொல்லிவைக்கிறேன். மறக்கிற ஆள் நான் இல்லை. முதல் தடவை கன்னம். காரணம், கடைக்குப் போனவள் தாமதமாக வந்தாள். அடுத்தது இடது மணிக்கட்டு. கதவிடுக்கில் வைத்து அழுத்தினான். அன்று அவள் மஞ்சள் சேலையில் இருந்தாள். டாக்டரிடம் "வழுக்கி விழுந்துட்டா" என்று அவனே சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன். மூன்றாவது தடவை சமையலறைக் கத்தி. அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வக்கீலம்மா சொன்ன கட்டளைகள்: பழைய நம்பர் வேண்டாம். சொந்தக்காரர் யாருக்கும் பேச வேண்டாம். முகமோ வாசலோ தெருவோ தெரியும்படி படம் எதுவும் வெளியே போகக் கூடாது.

படம் எடுக்காமல் என் பிழைப்பு ஓடாது. பழுது பார்த்த மின்விசிறியைப் போனில் உள்ள ஒரு குழுவில் போட்டுத்தான் விற்கிறேன். பழைய சாமான் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் ஏகப்பட்ட ஊர்களிலிருந்து அதில் இருக்கிறார்கள். ஆனால் படம் எடுக்கும் முன் என் கெடுபிடியைப் பார்க்க வேண்டும். பின்னால் சாம்பல் நிறப் போர்வையைக் கட்டுவேன். ஜன்னலைச் சாத்துவேன். அட்டைப்பெட்டி, காலண்டர், மருந்துச் சீட்டு, எதில் எழுத்து இருந்தாலும் அறைக்கு வெளியே போகும். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அதனால் எல்லா எழுத்தின் மேலும் சந்தேகம். மின்விசிறியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைக்கூடச் சுரண்டி எடுத்தேன்.

"அது கம்பெனி பேருப்பா" என்றாள் மகள்.

"இருக்கட்டும். அவனுக்கு அதுவும் வேண்டாம்."

மார்ச் 14

இரும்புக் கடைக்காரர்தான் இந்த ஊரில் என்னிடம் நின்று பேசுகிற ஒரே ஆள். என்னைக் குழுவில் சேர்த்துவிட்டவரும் அவரே. இன்று என் படங்களைப் பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, மின்விசிறியா, மழையில நனைஞ்ச காக்காவா?" என்றார். அனுப்பினால் படம் மங்கிவிடுகிறதாம். "படமா அனுப்பாதீங்க, பைலா அனுப்புங்க. எடுத்தது எடுத்தபடி போகும்" என்று, மடித்த காகிதம்போல இருக்கும் குறியைக் காட்டிக்கொடுத்தார். அனுப்பிப் பார்த்தேன். காயில் கம்பியை எண்ணிவிடலாம், அத்தனை தெளிவு.

மற்றவர்கள் குழுவில் எழுதிப் போடுகிறார்கள். நான் பேசிப் போடுகிறேன். "வானொலி வந்துடுச்சு" என்று சிலர் கேலி செய்கிறார்களாம். செய்யட்டும்.

அவன் வரவில்லை.

மார்ச் 19

ஒரு பெண் பேசி அனுப்பியிருந்தாள். நல்ல மரியாதையான குரல். "ஐயா, அந்த மேசை ஃபேன் எனக்கு வேணும். உள்ளே காயில் தெரியற மாதிரி ஒரு படம் அனுப்புறீங்களா? மங்கலா வேண்டாம், பைலா அனுப்புங்க."

விவரம் தெரிந்த பெண். மூடியைக் கழற்றி, போர்வையைக் கட்டி, எடுத்து அனுப்பினேன். "ரொம்ப நன்றிங்க ஐயா" என்றாள்.

மார்ச் 21

அந்தப் பெண்ணிடமிருந்து பேச்சே இல்லை. விலையைக்கூடக் கேட்கவில்லை. பேரம் பேசாமல் பொருள் வாங்குகிறவரை நான் பார்த்ததில்லை. ஒருவேளை வசதியானவளோ?

மகளுக்கு லேசாகக் காய்ச்சல். லீவு போடச் சொன்னேன், கேட்கவில்லை.

மார்ச் 26

நிறுத்திப் பேச வரல. எழுதற மாதிரி எழுது.

அவன் வந்துட்டான்.

கதவைத் தட்டினது வீட்டுக்காரம்மான்னு நெனச்சுத் திறந்தேன். நிக்கிறான். "நல்லா இருக்கீங்களா மாமா?"ங்கறான். செருப்பை வெளியே விட்டுட்டு உள்ளே வரான், என்னமோ விருந்துக்கு வந்தவன் மாதிரி. என் போனை வாங்கித் தன் பையில போட்டுக்கிட்டான். உக்காந்தான். தண்ணி கேட்டான். குடுத்தேன். ஏன் குடுத்தேன்? கை அதுபாட்டுக்குக் குடுத்துச்சு.

"எப்படிடா வந்தே?"

"நீங்கதானே மாமா கூப்பிட்டீங்க."

அவன் தன் போனை நீட்டினான். என் மின்விசிறி. என் சாம்பல் போர்வை. விரலால மேலே தள்ளினான், ஒரு வரைபடம், நடுவுல சிவப்பா ஒரு புள்ளி. "இது நீங்க உக்காந்திருக்கிற இடம். படத்துக்குள்ளேயே இருந்துச்சு. அந்தப் பொண்ணு என் ஆபீஸ்ல வேலை பாக்குது. நல்லாப் பேசினா இல்ல?"

அந்தக் குழுவுல நான் இருக்கிறது எப்படித் தெரியும்னு கேட்டேன். சிரிச்சான். "ஊரு மாத்துனீங்க, நம்பர் மாத்துனீங்க. தொண்டையை மாத்தலையே மாமா. நீங்க வேற என்ன விப்பீங்க? இந்த மாதிரிக் குழு ஒண்ணொண்ணா தேடினேன்."

அவ வர நேரம் வரைக்கும் உக்காந்திருந்தான். நான் எழுந்தா அவனும் எழுந்தான். படியில அவ செருப்புச் சத்தம் கேட்டுச்சு. கத்தினேன், "வராதேம்மா, ஓடு!" அவ திரும்பினா. அவன் தாவிட்டான். படியில வச்சுக் கூந்தலைப் பிடிச்சு

அவ கை போயிடுச்சு. இடுப்புலயும் அடி. வீட்டுக்காரம்மா கேட்டைச் சாத்திட்டு தெருவே கூடற மாதிரி கத்தினா, அதனால உசிரு மிஞ்சுச்சு. ஆளுங்க சேர்ந்து அவனைப் பிடிச்சுக் குடுத்தாங்க. போனைப் போலீஸ்காரர் அவன் பையிலிருந்து எடுத்து என்கிட்ட குடுத்தார். ஆஸ்பத்திரி நடையில உக்காந்து பேசறேன்.

நான்தான் கூப்பிட்டேனாம்.

மார்ச் 28

அதே இடது கை. கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கண் திறந்ததும் மகள் கேட்டது ஒன்றுதான்: "படம் யாருக்குப்பா அனுப்பினீங்க?" சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 2

வக்கீலம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் போனை வாங்கி, நான் எடுத்த படங்களைத் திறந்து காட்டினார். ஒவ்வொன்றுக்கும் அடியில் அதே வரைபடம். எல்லாப் புள்ளியும் எங்கள் மாடி மேலேயே உட்கார்ந்திருந்தது.

"கேமராவுக்கு நாம எங்கே நிக்கிறோம்னு தெரியும் ஐயா. எடுக்கும்போதே இடம், தேதி, எந்த போன், எல்லாத்தையும் படத்துக்குள்ள எழுதிடும். சாதாரணமா படமா அனுப்பினா பெரும்பாலும் வழியிலேயே அது உதிர்ந்துடும். பைலா அனுப்பினா உதிராது."

"அதுக்கு என்னைக் கேக்க வேண்டாமாம்மா?"

"கேட்டிருக்கும். முதல் தடவை கேமராவைத் திறந்தப்போ ஏதாவது வந்துச்சா?"

வந்தது. நன்றாக நினைவிருக்கிறது. கட்டம் கட்டி இரண்டு வரி, கீழே பொத்தான்கள். எது கேட்டாலும் மேலே இருக்கும் பொத்தானை அமுக்குவது என் வழக்கம். அமுக்கினேன். அறையிலிருந்த அத்தனை எழுத்தையும் வெளியே எடுத்துப்போட்டேன். எழுத்து உள்ளே இருந்திருக்கிறது.

கேமரா இடத்தை எழுதிக்கொள்வதை வக்கீலம்மா நிறுத்திவைத்தார். பழைய படங்களிலிருந்து இடத்தை எப்படி நீக்குவது என்று காட்டினார்: படத்தை மேலே தள்ளு, பென்சில் குறியைத் தொடு, இடத்தை எடுத்துவிடு. நானே செய்து பார்த்தேன். புள்ளி போய்விட்டது. கை ஒடிந்த பிறகு.

"தெரியாம செஞ்சதுதானே ஐயா" என்றார்.

தெரியாமல்தான். அதைச் சொல்லிக்கொண்டு மகள் முகத்தைப் பார்க்க முடியுமா?

ஏப்ரல் 6

மகள் போய்விட்டாள். பெண்களைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளும் இடம் ஒன்றாம். எந்த ஊர் என்று சொல்லவில்லை. நானும் கூட வருகிறேன் என்றேன். வக்கீலம்மா தலையாட்டி மறுத்துவிட்டார், அங்கே ஆண்கள் கூடாது.

"ஊரையாவது சொல்லும்மா."

"வேண்டாம்ப்பா. அவன் உங்களை அடிச்சுக் கேட்டாலும் உங்ககிட்ட சொல்ல ஒண்ணும் இருக்கக் கூடாது." கோபமாகச் சொல்லவில்லை. என் சட்டைக் காலரை ஒற்றைக் கையால் சரிசெய்துகொண்டே சொன்னாள். அவளை ஏற்றிப்போக வந்த வண்டியின் எண்ணைப் பார்க்காமலிருக்க நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எண் மட்டும் எனக்குத் தெரியும், பார்த்தால் மறக்காது.

ஏப்ரல் 12

வேலை ஓடவில்லை. குழுவிலிருந்து விலகிவிட்டேன். இரும்புக் கடைக்காரர் வந்து வாசலிலேயே நின்றார். "நான்தானே பைலா அனுப்பச் சொன்னேன்" என்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

ஏப்ரல் 24

அவனை ஜாமீனில் விட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 27

வந்தான். நான் கதவைத் திறக்கவில்லை. படியோர ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "எங்கே அனுப்பினீங்க?" என்றான்.

"தெரியாது."

"பொய் சொல்லாதீங்க மாமா."

"எனக்குத் தெரியாதுடா."

என் வாழ்நாளில் இத்தனை நிம்மதியாக ஓர் உண்மையைச் சொன்னதில்லை. அவன் கம்பிக்குள் கை விட்டுச் சட்டையைப் பிடித்து இழுத்தான், நெற்றி இடித்தது. வீட்டுக்காரம்மா போலீசுக்கு போன் போடவும் போய்விட்டான். தேதியோடு சொல்லிவிட்டேன், வக்கீலம்மாவுக்கு உதவும்.

மே 4

அவன் வரவில்லை.

மே 11

வக்கீலம்மா மூலம் ஒரு படம் வந்தது. மகளின் இடது கை. கட்டு பிரித்துவிட்டார்கள். வெள்ளைச் சுவர், வேறு ஒன்றும் இல்லை. விரல்கள் நீண்டிருக்கின்றன, சுண்டுவிரல் மட்டும் உள்ளே மடங்கியே இருக்கிறது.

பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னல் நிழல் இல்லை. சுவரில் ஆணிகூட இல்லை. மேலே தள்ளிப் பார்த்தேன், வரைபடம் வரவில்லை. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையோ என்று இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார்.

"ஒண்ணும் இல்ல பெரியவரே. இடமும் இல்ல, எந்த போனுங்கறதும் இல்ல, எடுத்த தேதிகூட இல்ல. சுத்தமா துடைச்சிருக்காங்க."

"இன்னொரு தடவை பாருங்க."

பார்த்தார். "இல்லைங்க. இதை வச்சு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"சரி" என்றேன். எதற்காகத் தேடச் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவள் ஒழுங்காகத் துடைத்திருக்கிறாளா என்று பார்க்கத்தான் என்று சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்தேன். நகம் வெட்டியிருக்கிறாள். கட்டைவிரலுக்குக் கீழே பழைய தழும்பு, பக்கத்தில் புதியது. பார்த்து முடித்ததும் குப்பைத்தொட்டிக் குறியைத் தொட்டேன். போன் ஏதோ கேட்டது. இரண்டு பொத்தான். இந்தத் தடவை அவசரப்படவில்லை. கீழே போய் வீட்டுக்காரம்மாவிடம் காட்டி, எது எது என்று கேட்டுக்கொண்டு வந்து, அழிக்கும் பொத்தானை அமுக்கினேன்.