முப்பத்திரண்டாவது வாக்குமூலம்

திருவொற்றியூர்
14.11.2004, ஞாயிறு

அன்புத் தோழி ரமாபாய்க்கு,

ஜெய் பீம். இங்கே உன் அம்மாவும் நானும் நம் தெருவும் சுகம். மூன்று சட்டை போட்டுக்கொண்டும் குளிர் அடங்கவில்லை என்று எழுதியிருந்தாய். மூன்று பாடத்துக்கு மூன்று சட்டை, கணக்கு சரிதான்.

சட்டம், சரித்திரம், அரசியல் மூன்றும் சேர்த்து ஒரே பட்டம் என்பதை இங்கே யாரும் இன்னும் முழுசாக நம்பவில்லை. உன் அம்மா மட்டும் தண்ணீர் லாரிக்கு நிற்கிற இடத்தில் எல்லாம் "ஒரே காலேஜு, மூணு படிப்பு, அத்தினியும் எம் பொண்ணு படிச்சிகினு கீது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அடைக்கலமேரி அக்கா, "அப்ப மூணு சம்பளம் வருமா பட்டம்மா?" என்று கேட்டு வம்புக்கு இழுக்கிறார். அம்மாவின் இடது கண் அப்படியேதான் இருக்கிறது, வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். பள்ளிக்கூடத்து ஆயா வேலைக்கு ஒருநாள் கூட லீவு போடுவதில்லை.

வழக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். கம்பெனிக்காரன் நம் தெரு மதிலை ஒட்டியே இரண்டாவது குளோரின் டேங்குக்கு அஸ்திவாரம் தோண்டிவிட்டான். முதல் டேங்கு கசிந்து முப்பத்தொரு பெண்களுக்குக் கண்ணும் நெஞ்சும் வெந்தது போதவில்லை போலிருக்கிறது. நாம் ஜெயித்தால் இருக்கிற டேங்கும் அங்கிருந்து போகும். தோற்றால் புதுசும் வந்து உட்காரும்.

"நம் ஆட்கள் நாள் கணக்கை எப்படி நினைவு வைத்துக்கொள்கிறார்கள், விவரமாக எழுது, சரித்திர வகுப்புக்கு வேண்டும்" என்று கேட்டாயே. உனக்குத் தெரியாததா? தேதி யாருக்கு வேண்டும் இங்கே. ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வருகிறது, அதுதான் காலண்டர். குழந்தைக்கு எப்போதிலிருந்து காய்ச்சல் என்று டாக்டர் கேட்டால், "ரெண்டு லாரிக்கு முன்னாடிலேந்து சார்" என்று சொல்லிவிட்டு வருகிற ஜனம் நாம்.

அதிலேதான் ஒரு வினை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். குளோரின் கேஸ் கசிந்து வந்தது லாரி வந்த நாளில், குடமெல்லாம் வரிசையில் நின்ற நேரத்தில். இதில் முப்பத்தொரு பேருக்கும் சந்தேகமே கிடையாது. வாக்குமூலம் டைப் அடித்தபோது நான்தான் காலண்டரை எடுத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பின்னாலேயே எண்ணிக்கொண்டு போய், போன வருடம் மே 21, புதன் என்று கண்டுபிடித்தேன். எல்லோரும் "ஆமா, அதான்" என்று தலையாட்டினார்கள். போன வாரம் தண்ணீர் டிப்போவில் வேலை செய்கிற டோரதி அக்கா பழைய ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த ஒரு தடவை மட்டும் நம் லாரிக்கு ஆக்சில் உடைந்து, புதன் வர வேண்டியது வியாழன் வந்ததாம். ஆக, கேஸ் கசிந்தது 22ஆம் தேதி. முப்பத்தொரு வாக்குமூலத்திலும் ஒரே தப்புத் தேதி. "21ஆம் தேதி ஆலையே ஓடவில்லை, ரிப்பேருக்கு மூடியிருந்தோம்" என்று கம்பெனிக்காரன் பதில் மனுவில் எழுதினானே, பொய்யன் என்று திட்டினோமே, அது ஒன்றில் மட்டும் அவன் சொன்னது நிஜம். ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றாவது மிஞ்சியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. மாத்திரை தீர்ந்ததும் சீட்டைக் கசக்கிப் போடுகிறவர்களாயிற்றே நாம்.

நம் வக்கீல் லியாகத் அலி சார் பதறவில்லை. ரிஜிஸ்டர் நகல் கைக்கு வரட்டும், நாமே முந்திக்கொண்டு திருத்த மனு போட்டுவிடலாம், அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே என்றார். அவர், நான், டோரதி அக்கா, இப்போது நீ. வேறு யாருக்கும் தெரியாது.

உன்னுடைய முப்பத்திரண்டாவது வாக்குமூலம் என் டிராயரில் அப்படியே இருக்கிறது. விசாவுக்குப் போகிற இடத்தில் கோர்ட், வழக்கு என்று குடைவார்கள் என்று கடைசி நேரத்தில் கையெழுத்துப் போடாமல் விட்டாயே, அதுதான். யாருக்கும் அதில் வருத்தமில்லை. படித்து முடித்து வந்து எங்களுக்காக நீயே கோட்டுப் போட்டுக்கொண்டு நில்.

உன் அடுத்த கடிதத்துக்கு வழிபார்க்கும்,
செங்கொடி


திருவொற்றியூர்
6.3.2005

அன்பு ரமாவுக்கு,

ஜெய் பீம். பரிசு வாங்கிய சேதி கிடைத்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரையும் தாண்டி உன் கட்டுரைக்கு முதல் பரிசு என்றதும் உன் அம்மா தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். அதில் பாதியை நான்தான் தின்றேன். எனக்கே பரிசு வந்த மாதிரி இருந்தது. நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தானே சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதினோம். நான் கோர்ட் வாசலில் டைப் அடிக்கப் போய்விட்டேன், நீ அங்கே போய்விட்டாய். ஒருத்தியாவது போனாயே.

கட்டுரை எதைப் பற்றி என்று மட்டும் நீ எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் எழுது.

டிசம்பரில் கடல் ஏறி வந்த பிறகு இங்கே எந்த ஆபீசிலும் எந்த வேலையும் ஓடவில்லை. லியாகத் அலி சார் இரண்டு மாதமாக மீனவர் குப்பங்களிலேயே கிடந்தார். டிப்போ நகல் இன்னும் வரவில்லை, அதனால் திருத்த மனுவும் போடவில்லை. ஜூன் கடைசியில் உன் அம்மாவைத்தான் முதல் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். புதுச் சேலை எடுத்து வைத்திருக்கிறார்.

பரிசுக்காரிக்கு முத்தங்களுடன்,
செங்கொடி


திருவொற்றியூர்
3.7.2005

ரமாபாய் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் என்று எழுத நினைத்துத்தான் தொடங்கினேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். கை பழகவில்லை. அதனால் நீ என்றே எழுதுகிறேன். பிரியத்தில் எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

போன வியாழக்கிழமை உன் அம்மா கூண்டில் ஏறினார். புதுச் சேலை, தலை நிறையப் பூ. லியாகத் அலி சார் கேட்டதற்கெல்லாம் நன்றாகப் பதில் சொன்னார். பிறகு கம்பெனி வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. உங்கள் மகள் வெளிநாட்டில் சட்டம் படிக்கிறாராமே என்று விசாரித்தார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆமா சார், சட்டம் மட்டும் இல்ல, மூணு படிப்பு" என்றார். அந்த வக்கீலும் சிரித்துக்கொண்டே ஒரு கட்டுத் தாளை எடுத்தார். இன்டர்நெட்டிலிருந்து எடுத்தது. மேலே உன் போட்டோ.

தண்ணீர் லாரியை வைத்து நாள் எண்ணும் பெண்களைப் பற்றிய உன் பரிசுக் கட்டுரை. அதிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். முப்பத்தொரு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு தேதியை ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தேதி தப்பு என்று பிறகு தெரிந்தும் நீதிமன்றத்துக்குச் சொல்லவில்லை. எல்லா வாக்குமூலமும் ஒரே தட்டச்சரின் வாக்கியங்கள். "கண்ணில் மிளகாய்த்தூள் கொட்டின மாதிரி" என்பது முப்பத்தொன்றிலும் வருகிறது. இத்தனையும் நீ எழுதியது. பெயர் மாற்றியிருக்கிறாய், ஒத்துக்கொள்கிறேன். தெருவின் பெயரை மாற்ற உனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்கள் மகள் எழுதியிருப்பது பொய்யா அம்மா?

ரமா, அந்த மனுஷி ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "எம் பொண்ணு பொய் எய்துற பொண்ணு இல்ல சார்" என்றார். நல்லா நிமிர்ந்து நின்று சொன்னார். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முப்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும்தான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாத்துக்கு செங்கொடி அல்லாரும் உம்முனு வர்றாங்கோ? நான் நல்லாதானே சொன்னேன்?" என்று கேட்டார். நல்லாதான் சொன்னீங்க அத்தை என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? இப்போது லாரி வந்தால் அவர் குடத்தை யாரும் தள்ளி வைப்பதில்லை. வரிசையில் இடம் விடுகிறார்கள். பேசுவதுதான் இல்லை. அடைக்கலமேரி அக்கா மட்டும் வாய் தாங்காமல், "உன் பொண்ணு அங்க ப்ரைசு வாங்கிக்கினா, நாங்க இங்க பொய்க்காரிங்க ஆய்ட்டோம்" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து உன் கட்டுரையை முழுசாகப் படித்தேன். டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், அதுதான் வயிற்றெரிச்சல். நான் உனக்கு எழுதின கடிதம் அதில் பத்தி பத்தியாக வருகிறது. "ரெண்டு லாரிக்கு முன்னாடி" காய்ச்சல் கூட வருகிறது. நான் யார் தெரியுமா அதில்? அடிக்குறிப்பு பதினேழு. "எஸ்., தட்டச்சர்." மூச்சு விடாதே என்று வக்கீல் சொன்னதை உன்னிடம் சொன்னேனே, அதையும் எழுதியிருக்கிறாய். பதினைந்து வருடம் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிட்டவள் என்னை விற்றுவிட்டாய். இதை எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

மிளகாய்த்தூள் விஷயம். முப்பத்தொரு பேரும் அதையே சொன்னார்கள், அதனால் அதையே டைப் அடித்தேன். வேறு எது மாதிரி எரியும்? நம் வீட்டில் கண்ணில் விழுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

எட்டாவது பக்கத்தில் ஒரு வரி. "அன்று உண்மையில் என்ன நடந்தது என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி அல்ல." அதை மட்டும் பத்துத் தடவை படித்தேன். வேறு யாராவது எழுதியிருந்தால் விட்டுவிடுவேன். நீ அங்கே இருந்தாய். பரீட்சை முடிந்து வீட்டில் இருந்தாய். ஈரத் துண்டால் உன் அம்மா முகத்தைச் சுற்றி, தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, டிரைவர் வேலப்பன் அண்ணனிடம் கெஞ்சி, அந்தத் தண்ணீர் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ. இரண்டு நாள் உனக்கே பேச்சு வரவில்லை. இருபத்தைந்து பக்கக் கட்டுரையில் நீ எங்கேயும் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவள் மாதிரி எழுதியிருக்கிறாய்.

சரித்திரக்காரி இப்படித்தான் எழுத வேண்டும் என்று உங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கலாம். எனக்குத் தெரியாது, நான் அங்கே படிக்கவில்லை. அதே கட்டிடத்தில்தானே சட்டமும் படிக்கிறாய்? நடந்துகொண்டிருக்கிற வழக்கைப் பற்றி எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் படிப்பான் என்று எனக்கே தெரிகிறது, நான் டைப் அடிக்கிறவள்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டிப்போ நகல் போன மாதம் வந்துவிட்டது. முந்திக்கொண்டு கொடுத்திருந்தால் அது எங்கள் நேர்மை. இப்போது கொடுத்தால் மாட்டிக்கொண்ட பிறகு கிளப்பிய கதை. லியாகத் அலி சார் ஒரே வழிதான் இருக்கிறது என்கிறார். இந்த முப்பத்தொரு பேரோடு உட்கார்ந்து தேதி பேசாத, அன்றைக்கு நேரில் பார்த்த ஓர் ஆள் வேண்டும். லாரி எந்த நாள் வந்தது, அதில் யார் போனார்கள் என்று சொல்ல வேண்டும். கட்டுரை எழுதினவளே அந்த ஆளாக இருந்தால் கம்பெனி வக்கீல் கையில் இருக்கிற தாளுக்கு மதிப்பில்லை. அங்கே நம் தூதரகத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதுமாம். அடுத்த வாய்தா ஆகஸ்ட் 8. உன் பரிசுக்கு என்ன ஆகும், உன் வாத்தியார்கள் என்ன நினைப்பார்கள், எனக்குத் தெரியாது. இரண்டாவது டேங்குக்கு இரும்பு வந்து இறங்கிவிட்டது. அது மட்டும் தெரியும்.

டிராயரில் இருந்த முப்பத்திரண்டாவது வாக்குமூலத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ சொல்லச் சொல்ல அன்று நான் அடித்தது, ஓர் எழுத்தும் மாற்றவில்லை. மிளகாய்த்தூள் அதிலும் இருக்கிறது, பார்த்துக்கொள். தேதியை மட்டும் வெள்ளை மை வைத்து அழித்துவிட்டேன். அந்த இடத்தை நீ உன் கையால் எழுது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ரமாவுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். குளிரில் காதை மூடிக்கொள்ளச் சொன்னார். பிறகு, "நான் கோர்ட்ல நல்லா சொன்னேன்னு எய்து" என்றார்.

எழுதிவிட்டேன்.

உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
செங்கொடி